சாளையா, நெய்மீனா, கருவாடா? சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வீட்டில் மீன் தேர்வு

குமரி மாவட்டத்தில் ஒருவருக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் கூடும் கழிவு) கூடிவிட்டது என்று ரிப்போர்ட் வந்ததும், வீட்டில் முதலில் எழும் கேள்வி மீனைப் பற்றியதுதான். கடற்கரை ஊர்களில் மட்டும் இல்லை, தக்கலையிலும் பூதப்பாண்டியிலும்கூட மதியச் சோற்றுக்கு மீன் இல்லாத நாள் குறைவு. அதனால் என்னிடம் கேட்பவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். "புரதத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், சாளையை (மத்தி) நிறுத்திவிட்டு நெய்மீன் (வஞ்சிரம்) வாங்கலாமா?" "முன்பு மீனைக் குறைக்கச் சொன்னார்கள், டயாலிசிஸ் தொடங்கியதும் நிறையத் தின்னச் சொல்கிறார்கள், எதைக் கேட்பது?" "வாய்க்கு ருசியே இல்லை என்கிறார், ஒரு துண்டு கருவாடு சுட்டுக் கொடுத்தால் என்ன?"

நான் மருத்துவர் இல்லை. சிறுநீரகம் பழுதான மாமியாருக்குப் பல வருடமாகச் சமைப்பவள். உணவு ஆலோசகர்கள் சொன்னதையும் படித்ததையும் அடுப்படியில் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மீனை அடியோடு நிறுத்த வேண்டியவர்கள் மிகச் சிலர்தான். நம் வீடுகளில் தொல்லை தருவது பெரும்பாலும் மீன் துண்டு இல்லை. அதோடு சேரும் உப்பு, அளவில்லாமல் ஊற்றும் குழம்பு, பக்கத்தில் குவித்து வைக்கும் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), இவைதான்.

## டயாலிசிஸுக்கு முன்பா, பின்பா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மீனையும் ஒப்பிட முடியாது. டயாலிசிஸ் தொடங்காத நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. நோய் முற்றிய சிலருக்கு மருத்துவர் 0.6 வரைகூடக் குறைப்பார். டயாலிசிஸ் செய்பவருக்கு நேர்மாறு. டயாலிசிஸிலேயே புரதம் கொஞ்சம் வெளியேறிவிடுவதால் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். முன்பு குறைக்கச் சொன்னவர்களே இப்போது தின்னச் சொல்வது இதனால்தான். இரண்டும் சரி.

60 கிலோ எடை உள்ளவரை எடுத்துக்கொள்வோம். டயாலிசிஸுக்கு முன்பு ஒரு நாளைக்கு 48 கிராம் புரதம். மூன்று வேளைச் சோறு, இட்லி, தோசையிலேயே 20 கிராமுக்கு மேல் வந்துவிடும். கொஞ்சம் பால், பருப்பு, காய்கறி என்று இன்னொரு 10, 12 கிராம். மீதி 15 கிராம்தான் மீனுக்கு. அது முள் நீக்கிய சதையில் ஏறக்குறைய 75 கிராம். நடுத்தரச் சாளை என்றால் மூன்று, அயிலை (கானாங்கெளுத்தி) என்றால் ஒன்று, நெய்மீன் என்றால் மெல்லிய ஒரு துண்டு. டயாலிசிஸ் செய்பவர் இதைப்போல இரண்டு மடங்குகூடத் தின்னலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

பாஸ்பரஸ். சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் தங்கினால் எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும், உடம்பு அரிக்கும். புரதம் ஒரு கிராமுக்கு 10, 12 மில்லிகிராமைத் தாண்டாத பாஸ்பரஸ் இருந்தால் அது நல்ல உணவு. முள் நீக்கிய மீன் சதை பெரும்பாலும் இந்த வரம்பில்தான் இருக்கிறது. முள், தலை, சினை சேர்ந்தால் கணக்கு மாறிவிடும்.

உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. சமையல், ஊறுகாய், பப்படம் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 5 கிராம்.

பொட்டாசியம். ரத்தத்தில் கூடியிருப்பவர்களுக்கு மட்டும். எல்லாருக்கும் கட்டுப்பாடு இல்லை, ரிப்போர்ட்டைப் பாருங்கள்.

யூரிக் அமிலம், பாதரசம். முதலாவது மூட்டு வீங்கும் கீல்வாதம் உள்ளவர்களுக்கு. இரண்டாவது பெரிய மீன்களை அடிக்கடி தின்பவர்களுக்கு.

விலையும் புதுமையும். மாதம் முழுவதும் மருந்து வாங்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

கீழே உள்ளவை 100 கிராம் பச்சைச் சதைக்குத் தோராயமான அளவுகள்.

| மீன் | புரதம் (கிராம்) | பாஸ்பரஸ் (மி.கி.) | கவனிக்க வேண்டியது | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| சாளை, நெத்தோலி, அயிலை | 18–20 | முள் நீக்கினால் 200 அளவில், முள்ளோடு மிக அதிகம் | யூரிக் அமிலம், சீக்கிரம் கெடும் | முள் எடுத்துத் தின்பவருக்கு, பட்ஜெட் பார்ப்பவருக்கு |
| நெய்மீன், பாறை, விளமீன் | 19–21 | 200 அளவில் | விலை, பெரிய நெய்மீனில் பாதரசம் | அளவு பார்த்துத் தின்ன வேண்டியவருக்கு |
| சூரை | 22–24 | 220–280 | புரதம் கூடுதல், பழைய மீனில் தடிப்பு வரும் | டயாலிசிஸ் செய்பவருக்கு |
| இறால் | 20 | 200க்குச் சற்று மேல் | பாக்கெட் இறாலில் பாஸ்பேட் | புதிதாகக் கிடைத்தால் எப்போதாவது |
| ஊசிக் கணவாய் | 15–16 | 220 | உப்பு குறைவு | எப்போதாவது |
| ஓட்டுக் கணவாய் | 16 | 380க்கு மேல் | பாஸ்பரஸும் உப்பும் அதிகம் | தவிர்ப்பது நல்லது |
| நண்டு, சிப்பி | நண்டு 18, சிப்பி 12 | 200–230 | இயற்கையிலேயே உப்பு | ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவருக்கு, அரிதாக |
| கருவாடு | மிக அதிகம் | அதிகம் | உப்பு | யாருக்கும் இல்லை |

## சாளை, நெத்தோலி, அயிலை

நம் ஊரின் அன்றாட மீன்கள் இவைதான். சாளையிலும் அயிலையிலும் உள்ள ஒமேகா 3 கொழுப்பு இதயத்துக்கு நல்லது. சிறுநீரக நோயாளிகளுக்கு இதய நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதால், இந்தப் பலனைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. சின்ன மீன் என்பதால் பாதரசமும் குறைவு. கரைமடி என்னும் கரைவலையிலோ வள்ளத்திலோ (சிறு படகு) அன்றைக்கே வந்த மீனாக இருந்தால் ஐஸ்கூடப் படாமல் வீட்டுக்கு வரும்.

சிக்கல் முள்ளில் இருக்கிறது. நெத்தோலியை மொறுமொறுவென்று பொரித்து முள்ளோடு மெல்லுவோம். பிஞ்சுச் சாளையையும் அப்படியே தின்பவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு அது சுண்ணாம்புச் சத்து, சிறுநீரக நோயாளிக்கு அது பாஸ்பரஸ். எங்கள் வீட்டில் நெத்தோலியின் தலையைக் கிள்ளி, வயிற்றோரம் பெருவிரலை ஓட்டி நடுமுள்ளை வால்வரை ஒரே இழுப்பில் உருவிவிடுவோம். புது மீனில்தான் அப்படி முழுசாக வரும். பழைய மீன் என்றால் சதை பிய்ந்துகொண்டு வரும், மீன் எப்படி இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். கால் கிலோவுக்கு இந்த வேலையைச் செய்ய நேரம் பிடிக்கும். சாளையின் உண்மையான விலை அதுதான்.

சினை வைத்த சாளையை ஆசையாகத் தேடி வாங்குவோம். மீன் சினையில் பாஸ்பரஸ் சதையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை வீட்டில் மற்றவர்களுக்கு வைத்துவிடுங்கள். கீல்வாதமும் சேர்ந்து இருப்பவர்கள் இந்த மூன்று மீன்களையும் குறைத்து, அடுத்த வகைக்குப் போவது நல்லது.

## நெய்மீன், பாறை, விளமீன்

துண்டு போடும் மீன்களின் பெரிய வசதி, அளவு தெரியும் என்பது. ஒரு துண்டை எடுத்துத் தராசில் வைத்தால் முடிந்தது. முள் ஒதுக்குவது எளிது, வயதானவர்களுக்குத் தொண்டையில் குத்தும் என்ற பயம் இல்லை. பாஸ்பரஸும் புரதமும் நல்ல விகிதத்தில் இருக்கின்றன.

ஆனால் நெய்மீன்தான் கிட்னிக்கு நல்லது என்று நினைத்துக் கடன்பட்டு வாங்குபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பாறையிலோ விளமீனிலோ கிடைக்காத எதுவும் நெய்மீனில் இல்லை. பெரிய நெய்மீன் மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் பாதரசமும் அதில்தான் கூடுதலாகச் சேரும். சதையை நம்பி வாங்குவதானால் நடுத்தரப் பாறை போதும். தலைக்கறிக்கு ஆசைப்பட்டால் முள்ளும் எலும்பும் வெந்த சாறு முழுவதும் குழம்பில் இறங்கியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

## சூரை

விலைக்கு நிறையச் சதை தரும் மீன். புரதம் 22 முதல் 24 கிராம். டயாலிசிஸ் செய்பவருக்கு, அதிலும் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்திருப்பவருக்கு, இது நல்ல தேர்வு. டயாலிசிஸுக்கு முன்பு இருப்பவருக்குச் சின்னத் துண்டிலேயே கணக்கு முடிந்துவிடும், பசி அடங்காது. சூரையும் அயிலையும் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உண்டாகி, தின்றதும் முகம் சிவந்து தடிப்பு வரும். நன்றாக வேகவைத்தாலும் அது போகாது. செவுள் கறுத்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

## இறால், கணவாய், நண்டு, சிப்பி

இறாலில் கொழுப்பு என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். சிறுநீரகத்துக்கு அதைவிடப் பெரிய விஷயம் பாக்கெட். உரித்துப் பதப்படுத்தி உறைய வைத்த இறாலை, நீர் வற்றாமல் இருக்கப் பாஸ்பேட் கரைசலில் ஊறவைப்பது வழக்கம். மீனில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் பாதியளவுதான் உடம்பில் சேரும், இப்படிக் கலக்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். பாக்கெட்டின் பின்புறம் 450, 451, 452 என்ற எண்களோ பாஸ்பேட் என்ற பெயரோ இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். மணக்குடிக் காயலில் பிடித்து வரும் இறாலை ஓட்டோடு வாங்கி வீட்டில் உரிப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

கணவாயில் இரண்டு வகைக்கும் நிறைய வித்தியாசம். ஊசிக் கணவாய் பரவாயில்லை. உள்ளே வெள்ளை ஓடு இருக்கும் ஓட்டுக் கணவாயில் பாஸ்பரஸும் உப்பும் மிக அதிகம். வெட்டிய பிறகு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அதனால் முழுசாகப் பார்த்து வாங்குங்கள்.

சிப்பியும் நண்டும் உப்பு சேர்க்காமலே 100 கிராமில் 300 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் கொண்டவை. சிப்பியில் யூரிக் அமிலத்தைக் கூட்டும் பொருளும் அதிகம். கடியப்பட்டணம் பக்கம் சிப்பிக் காலத்தில் விருந்துக்குப் போனால் நாலைந்து தின்னலாம், அவ்வளவுதான்.

## சுறா, திருக்கை

இந்த இரண்டு இனமும் தங்கள் சதையிலேயே யூரியாவைச் சேர்த்து வைத்திருப்பவை. சுறாச் சதையில் 100 கிராமுக்கு 2 கிராம் அளவுக்குக்கூட இருக்கும். பழசானால் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி இந்த யூரியா அம்மோனியாவாக மாறுவதால் வருவது. யூரியாவை வெளியேற்ற முடியாமல்தான் நம் நோயாளி தவிக்கிறார், அதையே தட்டில் வைப்பானேன்? சுறாப் புட்டுக்கு அவித்துப் பிழிந்து உதிர்ப்பதில் பெரும்பகுதி போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் பாதரசத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறு மீன் கிடைக்கிற ஊரில் இதைத் தேட வேண்டியதில்லை.

## கருவாடு

உப்புக் கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாகவே இருப்பது சாதாரணம். 30 கிராம் தின்றால் 3 கிராம் உப்பு, ஒரு நாள் கணக்கில் பாதிக்கு மேல் தீர்ந்தது. அப்புறம் தாகம். டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பார்கள். கருவாடு தின்ற இரவு அந்தக் கட்டுப்பாடு நிற்காது. காலையில் கால் வீங்கும், எடை கூடும், மூச்சு வாங்கும். ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றினால் உப்பு குறையும், போகாது.

உப்பில்லாமல் வெயிலில் மட்டும் காய்ந்த நெத்தோலி தேறுமா என்றும் கேட்கிறார்கள். தண்ணீர் வற்றியதால் புரதமும் பாஸ்பரஸும் பல மடங்கு செறிந்திருக்கும், முள்ளும் உள்ளேயே இருக்கும். அதுவும் வேண்டாம்.

கருவாட்டு ஆசை பொதுவாக மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கிளம்பும். நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சின்னமுட்டம் துறைமுக விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்பது ஜூன் முதல் இரண்டு வாரம்தான். அப்போதும் வள்ளமும் கட்டுமரமும் போகத் தடை இல்லை. மீன் குறைவாக வரும், விலை ஏறும். அந்த நாட்களில் குளத்து மீனும் அணை மீனும் கைகொடுக்கும். கட்லா, ரோகு, சிலேபி எல்லாம் பாஸ்பரஸ் கணக்கில் கடல் மீனைப் போலத்தான். ஒமேகா 3 மட்டும் குறைவு. அதுவும் பிடிக்காவிட்டால் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது, பாஸ்பரஸ் மிகக் குறைந்த புரதம் அதுதான்.

## பொரிப்பதா, குழம்பா?

இங்கேதான் பாதி விஷயம் இருக்கிறது. நாலு பேருக்கு வைக்கும் மீன் குழம்பில் இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டால், குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து தின்பவருக்கு 2.5 கிராம் உப்பு போய்ச் சேர்கிறது. துண்டை மட்டும் எடுத்துக் குழம்பைத் தொட்டுக்கொண்டால் அதில் பாதிகூட வராது. தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ளவருக்குக் குழம்பும் தண்ணீர்க் கணக்கில்தான்.

பொட்டாசியத்துக்குப் பயந்து சில வீடுகளில் தேங்காயையும் புளியையும் முழுதாக நிறுத்திவிட்டு, மஞ்சள் தண்ணீரில் வெந்த மீனைக் கொடுக்கிறார்கள். பாவம், இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைமுறித் தேங்காய் நாலு பேருக்கு என்றால் ஒருவருக்கு 130 மி.கி. பொட்டாசியம். நெல்லிக்காய் அளவு புளியில் தலைக்கு 30 மி.கி. இது தாங்கக்கூடியதுதான். தக்காளியும் மாங்காயும் முருங்கைக்காயும் சேரச் சேரத்தான் கூடும். பொட்டாசியம் கூடியிருப்பவருக்குத் தேங்காயைப் பாதியாக்கி, தக்காளியை விட்டு, குடம்புளி இரண்டு துண்டு போட்டு வையுங்கள். பரிமாறும்போது புளித் துண்டை எடுத்துப் போட்டுவிடலாம்.

மரச்சீனிதான் பெரிய கணக்கு. 300 கிராம் கிழங்கில் 800 மி.கி. பொட்டாசியம். நாம் வழக்கமாகச் செய்வதுபோல நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் கணிசமாகக் குறையும். சின்னதாக நறுக்கி, ஒரு கொதியில் தண்ணீரை மாற்றி மறுபடி அவித்தால் இன்னும் நல்லது. மீனுக்குப் பயந்து கிழங்கைக் கூட்டித் தின்பது தலைகீழ் வேலை.

பொரிப்பதில் உப்பு நம் கையில் இருக்கிறது. மிளகாய், மிளகு, பூண்டு, பெருஞ்சீரகம் அரைத்துத் தடவி, உப்பை ஒரு சிட்டிகையோடு நிறுத்தி, தட்டில் வைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். நாக்கு அந்தப் புளிப்பில் உப்பை அவ்வளவாகத் தேடாது. பாஸ்பரஸ் கூடியிருப்பவருக்குத் துண்டை முதலில் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு மசாலா தடவலாம். பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரை கொடுத்திருந்தால் மீன் தின்னும் வேளையில் சோற்றோடு போட வேண்டும், பிறகு போட்டால் பலன் இல்லை.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. இந்துப்பும் பெரும்பாலும் சாதா உப்புதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மரத்தண்டிலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் புளிச்சிக்காயை, பிலிம்பி என்பார்களே, அதை மீன் குழம்பில் போடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதில் சிறுநீரகத்தில் படிந்து அடைக்கும் ஆக்சலேட் என்ற பொருள் மிக அதிகம். கேரளத்தில் கொழுப்பு குறைய என்று அதன் சாற்றைக் குடித்து நல்ல சிறுநீரகமே திடீரென்று பழுதானவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அது வேண்டவே வேண்டாம். நட்சத்திரப் பழமும் அப்படித்தான்.

## யாருக்கு எது

டயாலிசிஸ் தொடங்காதவர், ரிப்போர்ட்டில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அளவாக இருக்கிறது என்றால்: சாளை, அயிலை, பாறை எதுவானாலும் 75 கிராம் சதை, மீன் தின்னும் நாளில் பருப்பும் முட்டையும் குறைத்து.

பாஸ்பரஸ் கூடியவர்: பாறை, விளமீன், முள் எடுத்த அயிலை. நெத்தோலி, சினை, தலை, ஓட்டுக் கணவாய் வேண்டாம்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர்: சூரை, அயிலை, பாறை, தினமும் தின்னலாம். உப்பும் குழம்பும்தான் அளவு.

கீல்வாதமும் உள்ளவர்: விளமீன், பாறை, குளத்து மீன், சின்னத் துண்டாக.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்: எந்த மீன் என்பதில் பெரிய கட்டுப்பாடு இருக்காது. ஆனால் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை போடுவதால் பழைய மீன், அரைவேக்காட்டுச் சிப்பி, வெளியில் பொரித்து வைத்து ஆறிப்போன மீன் மூன்றையும் தொடக் கூடாது. அன்றைக்கு வந்த மீனை, உள்ளே முள்ளோரச் சதையும் வெளுத்து உதிரும்வரை வேகவைத்துச் சூடாகக் கொடுங்கள்.